சோயா வாடையும் மூன்று மரபணுக்களும்

வணக்கம் நேயர்களே. சோயாப் பால் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தப் பச்சை வாடைதான் காரணம். ஆனால் காய்ந்த சோயாவை முகர்ந்து பாருங்கள், வாடை அவ்வளவாக இருக்காது. தண்ணீர் விட்டு மிக்ஸியை ஓட்டியதும்தான் குப்பென்று கிளம்பும்.

விதைக்குள் எண்ணெய் ஓரிடத்தில், லைப்பாக்சிஜனேஸ் என்ற நொதி வேறிடத்தில் இருக்கின்றன. அரைத்தால் இரண்டும் கலக்கும், காற்றும் சேரும். நொதி எண்ணெயிலுள்ள லினோலிக் அமிலத்தைத் தாக்க, அது உடைந்து ஹெக்ஸனல் என்ற பச்சை வாடைப் பொருள் வரும். துளி போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். அரைத்த பிறகு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் முழுசாகப் போகாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்வது: சூடு முதலில், அரைப்பது பிறகு. ஊறிய சோயாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, 80 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் ஊற்றி அரையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், ஆவி தூக்கியடிக்கும். ரொம்ப வேகவிட்டால் புரதம் இறுகிச் சக்கையோடு போய்விடும், பால் நீர்த்துவிடும்.

சரி, நொதியே இல்லாத விதை? விதையில் இந்த நொதியை உருவாக்குபவை லாக்ஸ் 1, 2, 3 என மூன்று மரபணுக்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத செடிகள் 1980களிலேயே கிடைத்தன. ஆனால் முதல் இரண்டும் ஒரே குரோமோசோமில் ஒட்டினாற்போல் இருப்பதால், செடிகளைக் கலப்பு செய்து அந்த இரண்டு குறைகளையும் ஒரே செடியில் சேர்ப்பது கடினம். ஜப்பானியர்கள் காமா கதிர் பாய்ச்சித்தான் சாதித்தார்கள். மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி மூன்றையும் ஒரே முயற்சியில் வெட்டும். 2020இல் சீன ஆய்வாளர்கள் அப்படியொரு சோயாவை வெளியிட்டார்கள்.

சிக்கல் எங்கே? அப்படி வெட்டிய முதல் தலைமுறைச் செடி திட்டுத்திட்டாகத்தான் மாறியிருக்கும். இலையில் தெரியும் மாற்றம் விதைக்கு வராமல் போகலாம். மரபணுவின் ஒரு பிரதி வெட்டுப்படாமல் மிஞ்சினாலும் நொதி உருவாகும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. முளைக்கு எதிர்ப்பக்கம் சிறு துண்டு சீவி, பொடித்து, லினோலிக் அமிலம் கலந்த மெத்திலீன் நீலக் கரைசலில் போட வேண்டும். நீலம் வெளுத்தால் நொதி உயிரோடு இருக்கிறது. நீலம் நின்றால் மிச்ச விதையை நடலாம். லாக்ஸ் 3க்கு மட்டும் பீட்டா கரோட்டின் சாயம் வேண்டும்.

சோயாவின் கசப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. அது ஐசோஃபிளவோன், சபோனின் என்ற வேறு சோயாப் பொருள்களின் வேலை. லாக்ஸை நீக்கினாலும் போகாது. இந்தூர் சோயா ஆய்வு நிறுவனத்தின் என்ஆர்சி 132, என்ஆர்சி 142 இரண்டிலும் வாடைக்கு முக்கியக் காரணமான லாக்ஸ் 2 கிடையாது. அவை மரபணு வெட்டாமல், வழக்கமான கலப்பில் வந்த ரகங்கள். நன்றி, வணக்கம்.