மூளையைப் பார்க்க லென்ஸ் மட்டும் போதாது

வணக்கம். 1873 என்ற ஆண்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். இன்றைய பேச்சில் இரண்டு தடவை வரும்.

அந்த ஆண்டில்தான் இத்தாலியில் கமில்லோ கோல்கி, மூளைச் செல்களுக்குச் சாயமேற்றும் தம் முறையை வெளியிட்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, அப்புறம் வெள்ளி நைட்ரேட்டில் போடுவது. நூறு செல்களில் ஏதோ சில மட்டும் கிளை நுனிவரை கன்னங்கரேலென்று தெரிந்தன. மற்றவை சாயமே ஏற்கவில்லை. குறை என்று தோன்றும். ஆனால் எல்லாச் செல்லும் கறுத்திருந்தால் கொட்டிய மையைத்தான் பார்த்திருப்போம்! அதே சாயத்தை வைத்து ஸ்பெயின் விஞ்ஞானி கஹால், நரம்புச் செல்கள் தனித்தனியானவை என்றார். கோல்கியோ எல்லாம் ஒரே வலை என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. அந்த உரையிலும் கோல்கி விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, இரண்டாவது 1873. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் அப்பே, எவ்வளவு நல்ல லென்ஸானாலும் ஒளியின் அலைநீளம் ஒரு வரம்பு போடும் என்று காட்டினார். சுமார் 200 நானோமீட்டரைவிட நெருக்கமான இரு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடைவெளியோ 20 நானோமீட்டர்தான்.

இன்னொரு தொல்லை, கொழுப்பு. தண்ணீரும் கொழுப்பும் ஒளியை வேறுவேறாக வளைப்பதால் மூளைக்குள் போன ஒளி சிதறிவிடுகிறது. 1990இல் வந்த இரு ஃபோட்டான் (ஒளித்துகள்) நுண்ணோக்கி, அதிகம் சிதறாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, உயிருள்ள மூளையிலேயே இன்னும் ஆழமாகப் பார்த்தது. 2013இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசராத் குழு வேறு வழியில் போனது. எலி மூளைக்குள் ஜெல் ஊட்டி, புரதங்களை அதில் பிணைத்து, சோப்பு போன்ற பொருளால் கொழுப்பைக் கழுவி எடுத்தார்கள். மூளை கண்ணாடிபோல் ஆகிவிட்டது. இறந்த திசுவில்தான் இதெல்லாம் நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 2015இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எட் பாய்டன் குழு செய்தது. லென்ஸின் வரம்பைத் தொடவே இல்லை. பார்க்கும் பொருளையே பெரிதாக்கினார்கள். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் அதே வகைப் பொருளைத் திசுவுக்குள் வளர்த்து, தண்ணீர் விட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் சுமார் நாலரை மடங்கு ஊதியது. சாதாரண நுண்ணோக்கியிலேயே 70 நானோமீட்டர் நுணுக்கம் கிடைத்தது. 2017இல் ஊதியதை மறுபடியும் ஊதவைத்தார்கள்: சுமார் 20 மடங்கு, 25 நானோமீட்டர். கூடவே ஒரு லாபம், ஊதிய திசு பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் ஒளியும் அதற்குள் சிதறாமல் போய்வருகிறது.