போனில் மேப் இருந்தால் போதுமா?

நடுவர் அவர்களே, மண்டபம் கடற்கரையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்!

"போனில் மேப் இருக்கும் காலத்தில் புவியியல் படிப்பு தேவையா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், "விரலால் தொட்டால் வழி காட்டுகிறது, பிறகு எதற்கு மனப்பாடம்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். தலைநகரங்களை ஒப்பிப்பதுதான் புவியியல் என்றால் நானும் அவர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அவர் நம்பும் கருவியிலிருந்தே தொடங்குகிறேன். "தீர்க்கரேகை 79 டிகிரி 29.50 நிமிடம், அதைத் தாண்டாதே" என்று படகுக்குக் குறித்துக் கொடுக்கிறார்கள். படகிலுள்ள ஜிபிஎஸ் விநாடிக் கணக்கில் இருக்கிறது. ஓட்டுபவர் 29 நிமிடம் 50 விநாடி என்று பதிகிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி, 29.50 என்பது 29 நிமிடம் 30 விநாடி. கூடிப்போன 20 விநாடி, இங்கே கிழக்கு நோக்கி ஏறத்தாழ 600 மீட்டர்! இந்தியாவும் இலங்கையும் 1974-இல் போட்ட ஒப்பந்தத்தின் கடல் எல்லைக்கோட்டுப் பக்கம் 600 மீட்டர் என்றால் என்ன நடக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கருவி சரியாகத்தான் காட்டியது. அட்சரேகை, தீர்க்கரேகைப் பாடம்தான் இல்லை.

அடுத்து, நம் காலடித் தண்ணீர். இராமேசுவரம் தீவின் மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் லிட்டர் 1 கிலோ என்றால் கடல்நீர் சுமார் 1.025 கிலோ. இந்தச் சின்ன எடை வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும். மோட்டார் வைத்து இழுத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் 40 அடி வரை ஏறப் பார்க்கும். தண்ணீர் கரிக்கிறது என்றதும் "இன்னும் ஆழமாப் போடு" என்கிறார்களே, ஐயா, வயிறு பதறுகிறது! ஆழம் போகப்போக உப்புக்குத்தான் கிட்டப் போகிறோம். அகலமாக, ஆழம் குறைவாக ஊற்றுத் தோண்டி, கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு எடுக்க வேண்டும். ஒருமுறை உப்பு ஏறிவிட்டால் மோட்டாரை நிறுத்தியதும் இறங்கிவிடாது; பல மழைக்காலம் பிடிக்கும். எந்த மேப்பில் இது தெரிகிறது?

காற்றைப் பற்றி எதிரணி பேசவே இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் விரிகுடா அடங்கும். வடக்கத்திக் காற்றான வாடை வந்தால் தலைகீழ். "இதைப் பாம்பன் மீனவர் பள்ளிக்கூடத்திலா படித்தார்?" என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் அவர் கற்றதும் புவியியலே. தன் கடலை அவர் அனுபவத்தால் அறிந்தார்; பார்க்காத கடலை அறியப் படிக்கத்தான் வேண்டும்.

பார்க்காத கடல் நமக்கெதற்கு? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் நீரிணையின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். மேப்பில் இரண்டும் ஒரே மாதிரி இடுக்கு. அங்கே அகலமான நீர்வழியின் ஆழம் சுமார் 300 மீட்டர்; இங்கே மணல்திட்டுகளுக்கு நடுவே பல இடங்களில் 3 மீட்டர்கூட இல்லை. அதனால்தான் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றுகிறது. அந்தச் செங்கடல் வாசல் பக்கமோ, 2023 நவம்பரில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் செங்கடலின் வடக்கு வாசலான சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 10 நாள் கூடுதல். உறையவைத்த கணவாய் மீன் கன்டெய்னருக்கு அத்தனை நாளும் கரன்ட் ஓட வேண்டும், வாடகை ஏறும், அந்தச் சுமை கரையில் ஏலம் போகும் விலையில் வந்து விழும். அந்த நீரிணைக் கரையிலுள்ள ஏமன் நாட்டுச் செய்தி என்று பக்கத்தைத் திருப்பினால் இது எப்படிப் புரியும்?

பத்தாம் வகுப்போடு புவியியலை மூட்டை கட்டிவிடாதீர்கள், பிளஸ் ஒன் சேர்க்கையில் அந்தப் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று பெற்றோர்களை வேண்டிக்கொண்டு, தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்!