பாலம் இருந்த இடத்தில் ஊர்: மெரிதா

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெயின் என்றாலே மாட்ரிட், பார்சிலோனா என்றுதான் பேச்சு ஓடும். நான் பேச வந்தது தென்மேற்கே குவாதியானா ஆற்றங்கரையில் இருக்கும் மெரிதாவைப் பற்றி. எக்ஸ்த்ரமதூரா மாநிலத்தின் தலைநகரம் அது.

குவாதியானா அங்கே அகலமாகப் பரந்து, ஆழம் குறைந்து ஓடுகிறது. நட்டாற்றில் ஒரு திட்டு. பாலம் போட அதைவிட வாகான இடம் கிடைக்காது. கி.மு. 25-இல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ், ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியேற்ற அந்த இடத்தில்தான் ஊர் அமைத்தார். அங்கே ரோமானியர்கள் கட்டிய பாலத்தின் நீளம் ஏறக்குறைய 790 மீட்டர். இன்றைக்கு 60 வளைவுகள். தூண்களிலும் சிறு கண்கள் விட்டிருக்கிறார்கள், வெள்ளம் முட்டாமல் புகுந்து போவதற்கு. அப்படியும் வெள்ளமும் போரும் சில வளைவுகளை இடித்தன, மறுபடி கட்டினார்கள். 1990-களின் தொடக்கம் வரை அதன்மேல் வண்டிகள் ஓடின. இப்போது நடப்பவர்களுக்கு மட்டும்.

ஆறு பக்கத்திலேயே இருந்தும், ரோமானியர்கள் ஊருக்கு வெளியே ப்ரோசர்பினா அணையைக் கட்டி, அங்கிருந்து உயரமான தூண்கள்மேல் கால்வாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆறு பள்ளத்தில், ஊர் மேட்டில், வேறு வழியில்லை. அந்தத் தூண்களின் உச்சியில் இன்று நாரைகள் கூடு கட்டுகின்றன.

அப்புறம் 713-இல் அரபுப் படை நீண்ட முற்றுகைக்குப் பின் ஊரைப் பிடித்தது. அடங்காத ஊர் என்பதால், கோர்தோபா நகரிலிருந்து ஆண்ட அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் 835-இல் பாலத்தின் தலைமாட்டிலேயே கோட்டை எழுப்பினார். பாலத்தைப் பிடித்தால் ஊரைப் பிடித்த மாதிரி என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கோட்டைக்குள் இருக்கும் நிலத்தடி நீர்த்தொட்டியை நான் ரோமானிய நாடக அரங்குக்கும் மேலாக மதிக்கிறேன். ஆற்றுநீர் மண்ணில் கசிந்து, வடிகட்டப்பட்டு உள்ளே சேரும். வெளியே எதிரி சூழ்ந்து நின்றாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தாகம் தீரும். இறங்கும் படிப்பாதையில், அரபுகளுக்கு முன் ஆண்ட விசிகோத்தியரின் செதுக்குத் தூண்களை எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். திராட்சைக் கொடி வேலைப்பாடு கல்லில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மெரிதாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாடக அரங்கில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அதைப் பாருங்கள், சரி. ஆனால் கோட்டைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்தப் படிகளில் தண்ணீர் வரைக்கும் இறங்கிப் பாருங்கள்.