மூக்கை நம்பி இறங்காதீங்க

நேயர்களுக்கு வணக்கமுங்க.

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள்ளே இறங்கினவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போனவரும் விழுந்தார்னு செய்தி வந்தா, என் மாணவர்கள் கேட்பாங்க: "அவ்வளவு நாத்தம் தெரிஞ்சிருக்குமே சார்?"

தெரியாதுங்க. ஹைட்ரஜன் சல்பைடு காத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அதுவே பத்து லட்சத்தில் நூறு பங்கு வாக்கில் ஆனா மூக்கு மரத்துப்போகும். நாத்தம் நின்னுடுச்சு, காத்து நல்லாயிருச்சுன்னு இறங்குறவர்தான் விழுறார்.

சாயம் ஏத்தப் போடுற கிளாபர் உப்பு இருக்கே, அது சோடியம் சல்பேட். காத்துப் படாத சேத்துக்குள்ளே வாழுற பாக்டீரியா அதில் இருந்துதான் இந்த வாயுவை உண்டாக்குது. காத்தை விடக் கனம், அடியிலேயே தங்கும்.

மூக்கு ஏமாத்துற இந்த வாயுவை லேசர் வெச்ச கருவி அளந்து சொல்லிடும். எப்படிக் கண்டுபிடிக்குது? நீங்க இப்போ கேட்கிற ரேடியோவையே எடுத்துக்குங்க. குமிழைத் திருகித் திருகி ஒரு நிலையத்துக்கு வர்றோமில்லையா? அது மாதிரி ஒவ்வொரு வாயுவும் தனக்குன்னு சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை விழுங்கும். இந்த வாயுவுக்கு 1,570 முதல் 1,590 நானோமீட்டருக்குள் அப்படிச் சில அலைநீளங்கள் உண்டு, அதைக் 'கோடு'ன்னு சொல்வோம். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு. ஃபைபர் கேபிளில் ஓடுற வெளிச்சமும் ஏறக்குறைய இதேதான். அந்தத் தொழிலுக்காக வளர்ந்த லேசர் நமக்கும் கிடைச்சுது.

லேசருக்குப் போற மின்சாரத்தைக் கூட்டிக் குறைச்சா அலைநீளம் நகரும். கோட்டைக் கடக்கும்போது ஒளி எவ்வளவு குறையுதோ, அதில் இருந்து வாயுவின் அளவு கணக்காகும். கண்ணாடியில் தூசி படிஞ்சா மொத்த ஒளியும் மங்கும், ஆனா அந்தக் குறைவின் விகிதம் மாறாது. பட்டறைத் தூசிக்கு இது பெரிய வசதிங்க.

சிக்கலும் உண்டு. இந்த அலைநீளத்தில் வாயு விழுங்குற ஒளி ரொம்பக் கொஞ்சம். அதனால ரெண்டு கண்ணாடிக்கு நடுவே, சென்னிமலைத் தறியில் நாடா ஓடுற மாதிரி, ஒளியை இங்கேயும் அங்கேயும் ஓட விடுறாங்க. அரை மீட்டர் குழாயில் 40 தடவை ஓடினா 20 மீட்டர் காத்தைத் துழாவின கணக்கு.

பட்டறைக்காரங்களுக்கு ஒண்ணு. முதல்ல ஆளை இறக்காம மெஷின் வெச்சுச் சேறு எடுக்கப் பாருங்க. தொட்டி வாயில ஒருதடவை அளந்து 'சைபர்'னு பார்த்தது போதாது. சேத்தைக் கலக்கின பிறகுதான் அடைஞ்சு கிடந்த வாயு குபுகுபுன்னு வரும். கருவியின் உறிஞ்சுகுழாய் அடிவரை இறங்கி, வேலை முடியிற வரை அளந்துக்கிட்டே இருக்கணும். யாராவது விழுந்துட்டா, மூச்சுக்கருவி இல்லாம அடுத்த ஆள் இறங்கவே வேண்டாம். தீயணைப்புக்கு 101ஐக் கூப்பிடுங்க.