அவர்கள் சொல்லையே எடுத்து

நேயர்களுக்கு வணக்கம். பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய கதை, நேரமோ கொஞ்சம். அதனால் ஊர்வலம், சிறை, உண்ணாவிரதம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்கள் எப்படிப் பேசினார்கள்?

அவர்கள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாக்கு இல்லாதவர், வாக்கு உள்ளவரிடம் போய் "எனக்கும் கொடு" என்று கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம் என்றால், அதற்கும் வாக்கு வேண்டும். பேசித்தான் ஆளை மாற்றியாக வேண்டும்.

1848 ஜூலை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செனகா ஃபால்ஸ் என்ற ஊரில், ஒரு தேவாலயத்தில் கூட்டம். எலிசபெத் கேடி ஸ்டான்டன் ஒரு பிரகடனம் வாசிக்கிறார். கேட்டவர்களுக்கு அதன் நடை புதிதே அல்ல. அமெரிக்கர்கள் ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் பெருமையோடு நினைவுகூர்கிற 1776 சுதந்திரப் பிரகடனத்தை அப்படியே அச்சாக வைத்துக்கொண்டு எழுதியிருந்தார். "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று அதை நாம் தமிழில் சொல்லிப் பழகிவிட்டோம். மூலத்தில் இருக்கிற சொல்லுக்கு ஆண்கள் என்றும் பொருள் உண்டு. நம் மொழிபெயர்ப்பு அதை நாசூக்காக மறைத்துவிடுகிறது. ஸ்டான்டன் மறைக்கவில்லை. "எல்லா ஆண்களும் பெண்களும்" என்று எழுதினார். பழைய பிரகடனத்தில் இங்கிலாந்து மன்னர் மேல் வரிசையாகக் குற்றச்சாட்டுகள் இருக்கும்: அவர் இதைச் செய்தார், அதைப் பறித்தார் என்று. அந்த "அவர்" இருந்த இடத்தில் இப்போது ஆண்.

ஆளின் விரலை வைத்தே ஆளின் கண்ணைக் குத்துவது என்போமே, அதுதான். எதிராளி மறுத்துப் பேச வேண்டுமானால் தான் கும்பிடுகிற வாசகத்தையே எதிர்க்க வேண்டும்.

68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே வாக்குரிமைத் தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறவில்லை. இவ்வளவு கேட்டால் ஊர் சிரிக்கும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பரான ஃபிரடெரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசிய பிறகுதான் அது தேறியது.

அப்புறம் சூசன் பி. ஆன்டனி. எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான், ஏனென்றால் இவர் வாதத்தில் கண்ணீரே கிடையாது. 1872 நவம்பரில் ராச்செஸ்டர் நகரில் நேராகப் போய் வாக்களித்துவிட்டார். கைது செய்தார்கள். வழக்கு வருவதற்குள் சும்மா இருப்பாரா? மன்ரோ மாவட்டத்தின் 29 தபால் வட்டங்களிலும் போய்ப் பேசினார். "அமெரிக்கக் குடிமகள் வாக்களிப்பது குற்றமா?" என்பதுதான் தலைப்பு. ஜூரிகள் அந்த மாவட்டத்திலிருந்துதானே வர வேண்டும்! அரசுத் தரப்பு அலறியடித்து வழக்கைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றியது. அவர் அங்கேயும் போய்ப் பேசினார்.

அந்தப் பேச்சில் ஒரு வாதம் வருகிறது. சட்டத்தில் "அவன்" என்றுதானே இருக்கிறது, "அவள்" என்று இல்லையே, ஆகவே வாக்கு ஆணுக்கு மட்டும்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. ஆன்டனியின் பதில்: சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வரி கட்ட வேண்டும் என்கிற சட்டத்திலும் "அவன்"தான் இருக்கிறது. குற்றம் செய்தால் தண்டனை என்கிற சட்டத்திலும் "அவன்"தான். அப்படியானால் பெண்களுக்கு வரியும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம்.

எதிராளி சொன்னதை மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அதையே கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவது. மேடைப் பேச்சில் கொஞ்சம் பழக்கம் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைச் செய்ய ஏகப்பட்ட பொறுமை வேண்டும். நமக்கெல்லாம் முதல் வரியிலேயே மறுத்துவிடத்தான் வாய் துடிக்கும்.

நீதிபதி வார்ட் ஹன்ட் வாதத்துக்குப் பதில் சொல்லவில்லை. குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும்படி ஜூரிகளுக்கே உத்தரவு போட்டுவிட்டார். அபராதம் 100 டாலர். "ஒரு டாலர்கூடக் கட்ட மாட்டேன்" என்றார் ஆன்டனி. கட்டவும் இல்லை. கட்டாததற்காக நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பவும் இல்லை. அனுப்பியிருந்தால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வழி கிடைத்திருக்கும்.

அச்சில் ஏறிய பேச்சுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சோஜர்னர் ட்ரூத், அடிமையாகப் பிறந்து விடுதலையானவர், 1851இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் பேசினார். "நான் பெண் இல்லையா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதாகத்தான் உலகத்துக்குத் தெரியும். ஆனால் அந்த வரி 12 ஆண்டு கழித்து, 1863இல், ஃபிரான்சஸ் கேஜ் எழுதி வெளியிட்ட வடிவத்தில் வருவது. அதில் ட்ரூத் தெற்கத்தி அடிமைகளின் கொச்சையில் பேசுகிறார். அவரோ நியூயார்க்கில் பிறந்தவர், முதலில் பேசிய மொழி டச்சு! பேசிய சில வாரங்களிலேயே ஒரு பத்திரிகையில் வந்த பதிவில் அந்தக் கேள்வியே இல்லை. எனக்கு இந்தப் பழைய பதிவுதான் உயர்வாகப் படுகிறது. உழுதேன், அறுத்தேன், வெட்டினேன், இதைவிட ஓர் ஆண் என்ன செய்துவிடுவான் என்கிறார். அறிவைப் பற்றி ஒரு வரி: ஆணுக்கு ஒரு குவார்ட் இருக்கிறது, பெண்ணுக்கு ஒரு பைண்ட்தான் என்றால், அவளுடைய சின்ன பைண்ட் நிரம்பினால் என்ன? இரண்டும் முகத்தல் அளவைகள், பைண்ட் என்பது குவார்ட்டில் பாதி. கேலியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, அதற்கே பங்கு கேட்கிறார்.

பிரிட்டனின் எமலின் பாங்க்ஹர்ஸ்ட் வேறு ரகம். 1913 நவம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பேசினார். அவர் இயக்கத்தினர் ஜன்னல்களை உடைத்தவர்கள், கட்டடங்களுக்குத் தீ வைத்தவர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பிடித்திருக்காது. அவர் என்ன செய்தார்? பிரிட்டிஷ் வரியை எதிர்த்து பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய உங்கள் முன்னோரை நினைத்துப் பாருங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்: பசித்த இரண்டு குழந்தைகள். ஒன்று அம்மா வரட்டும் என்று பேசாமல் காத்திருக்கிறது. இன்னொன்று கத்திக் காலை உதைத்து வீட்டையே இரண்டாக்குகிறது. எதற்கு முதலில் பால் கிடைக்கும்? அரசியலின் சரித்திரமே அதுதான் என்றார்.

கேட்பவர் மதிப்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கும் இந்த வழிக்கு ஓர் அசிங்கமான பக்கமும் உண்டு. கேட்பவர் நெஞ்சில் இருப்பது சுதந்திரம் மட்டுமில்லையே, நிறவெறியும் இருக்கும். அமெரிக்க வாக்குரிமைச் சங்கத்தின் தலைவி கேரி சாப்மன் கேட், தெற்கு மாநிலங்களைச் சமாதானப்படுத்துவதற்காக, பெண்கள் வாக்குரிமையால் வெள்ளையர் ஆதிக்கம் வலுப்படுமே தவிரக் குறையாது என்று 1917இல் அச்சிலேயே எழுதினார். காலத்தின் குற்றம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 70 ஆண்டுக்கு முன் டக்ளஸ் எழுந்து பேசியிராவிட்டால் அந்தத் தீர்மானம் என்னவாகியிருக்கும்?

அதே 1917இல் வெள்ளை மாளிகை வாசலில் வேறு சில பெண்கள் வாயே திறக்காமல் நின்றார்கள். கையில் துணிப் பதாகை. ஏப்ரலில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் போர் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார். ஆட்சிக்குக் கட்டுப்படுகிறவர்களுக்கு அந்த ஆட்சியில் குரல் வேண்டும், அதற்காகவே போராடுகிறோம் என்று. அந்த வரியைத்தான் எழுதிப் பிடித்தார்கள். ஜூனில் கைது. ஜனாதிபதி பேசினால் ஜனநாயகம், அதையே பதாகையில் எழுதினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல்!

1920 ஆகஸ்ட் 18. பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற இன்னும் ஒரு மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். டென்னஸி சட்டசபை. ஹாரி பர்ன் என்ற உறுப்பினருக்கு வயது 24. சட்டையில் சிவப்பு ரோஜா, அதாவது எதிர்ப்பு அணி. சட்டைப்பையில் அம்மாவின் கடிதம். ஊர் நியாயம், வீட்டு நியாயம் எல்லாம் எழுதிவிட்டு, நடுவில் வாக்குரிமைக்கு வாக்குப் போடு, அவர்களைச் சந்தேகத்தில் விட்டுவைக்காதே என்று சொல்லியிருந்தார். ஹாரி ஆதரவாக வாக்களித்தார். மறுநாள் சபையில், அம்மா சொன்னபடி நடப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று விளக்கமும் சொன்னார்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி உண்டு. பத்திரிகையில் மற்றவர்கள் பேச்சையெல்லாம் படித்துவிட்டு அம்மா எழுதுகிறார்: "நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லை."