பாலிசி விட்டுப்போனால் என்ன போகும்?

வணக்கம் நேயர்களே.

மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டும் மாதம் வந்தாலே பல வீடுகளில் ஒரு பேச்சு எழும். "போன வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலையே, இந்த வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் கட்டிக்கலாமா?" பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதே ஜூன் மாதத்தில் வந்து நின்றால் அப்படித் தோன்றும்தான். ஆனால் அப்படி விட்டால், சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்க அதுவரை காத்திருந்த காலம் முழுவதும் போய்விடும்.

புதிய பாலிசியில், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். முன்பே இருக்கும் நோய் என்றால் மூன்று ஆண்டு வரை. 2024-இல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தது. அப்புறம், பாலிசி இடைவிடாமல் 60 மாதம் ஓடிவிட்டால், "விண்ணப்பத்தில் இந்த நோயைச் சொல்லவில்லையே" என்று கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம்.

ஒருவர் 45 வயதில் பாலிசி எடுக்கிறார். 48-இல் சர்க்கரை நோய் வருகிறது. பாலிசிக்குப் பின் வந்த நோய் என்பதால் அதற்குக் காத்திருப்பு இல்லை. அவரே 50-இல் விட்டுவிட்டு 51-இல் புதிதாக எடுத்தால், அதே சர்க்கரை முன்பே இருந்த நோயாகிவிடும். பிரீமியம் கூடலாம், பாலிசி தரவே மறுக்கலாம். சிகிச்சை அதிகம் தேவைப்படும் வயதில் இப்படி நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

தேதி தவறினாலும் ஆண்டுக் கட்டணக்காரர்களுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. மாதத் தவணைக்கு 15 நாள். அதற்குள் கட்டினால் சேர்ந்த காலம் அப்படியே இருக்கும். ஆனால் ஆண்டுக் கட்டணத்தில், இடைப்பட்ட அந்த நாட்களில் படுத்தால் செலவு நம்முடையது.

சரி, கட்ட முடியவில்லை என்றால்? வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறுவது உண்மையான பாரம், அதை நான் மறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது கொஞ்சம் ஆறுதல். மூத்த குடிமக்களுக்கு ஆணையத்தைக் கலந்து பேசாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்தவும் கூடாது. அதற்கும் மேலாகச் சுமை தெரிந்தால், பாலிசியை விடாமல் காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் கேளுங்கள். பத்து லட்சம் ஐந்து லட்சமானாலும் காத்திருந்த காலம் கையில் இருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாறுவதானால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அவர்கள் மறுத்தாலும் பழையதைப் புதுப்பிக்க நேரம் இருக்கும்.

அலுவலகக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையை விட்டால் அந்தக் காப்பும் நின்றுவிடும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. ராஜினாமாக் கடிதம் கொடுத்த வாரமே மனிதவளப் பிரிவில் அதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.