சாப்பிட்ட தட்டைப் படம் எடுத்தால் கலையா?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். கண்காணிப்பைப் பேசும் கலை நம்மை விழிக்க வைக்கிறதா, வெறும் வேடிக்கை காட்டுகிறதா என்பது தலைப்பு. விழிக்க வைக்கிறது, அதுதான் எங்கள் அணி. ஆனால் எதிரணி அண்ணன் ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனாரே, அதை விட முடியாது. "ஹசன் இலாஹி என்ற அமெரிக்கக் கலைஞர் சாப்பிட்ட தட்டையும் போன கழிவறையையும் படம் எடுத்துப் போட்டால் கலையாம், எங்கள் வீட்டுப் பையன் தினமும் செய்கிறான்!"

அண்ணே, உங்கள் பையன் லைக்குக்காகப் போடுகிறான். இலாஹி போட்டது அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்காக!

2002. வங்கதேசத்தில் பிறந்த அமெரிக்கக் குடிமகனான இந்த இலாஹி, வெளிநாடு போய்விட்டு டெட்ராய்ட் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கேட்கிறார்கள்: செப்டம்பர் 12 அன்று, அதாவது இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறுநாள், எங்கே இருந்தாய்? போன வருஷம் அந்தத் தேதியில் எங்கே இருந்தோம் என்று இந்த அவையில் யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்! நல்லவேளை, அவர் கைக்கருவியில் நாட்குறிப்பு இருந்தது. வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்டியது, வகுப்பு எடுத்தது, எல்லாம் காட்டினார். அந்தக் கிடங்கில்தான் வெடிமருந்து இருக்கிறது என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். உள்ளே பழைய சாமான்கள்தான். அத்தோடு விட்டார்களா? ஆறு மாதம் விசாரணை. கடைசியில் உண்மை கண்டறியும் சோதனை, ஒன்றல்ல, ஒன்பது! எல்லாவற்றிலும் தேறி, "நான் குற்றமற்றவன் என்று ஒரு கடிதம் கொடுங்கள்" என்றால், குற்றமே சாட்டாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்கிறார்கள்!

கடிதம் இல்லை. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அவரே எஃப்.பி.ஐ. அதிகாரிக்கு போன் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பயம் சொல்ல வைத்தது. அப்புறம் மின்னஞ்சல், படங்கள், கடைசியில் ஓர் இணையதளமே தொடங்கி, சாப்பாடு, படுக்கை, கழிவறை, விமான நிலையம் என்று ஆயிரக்கணக்கில் கொட்டினார். அத்தனையிலும் அவர் முகத்தைத் தேடினால் கிடைக்காது. சாப்பிட்ட தட்டு இருக்கிறது, படுத்த கட்டில் இருக்கிறது, ஆள் இல்லை.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற பெற்றோர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? விமானம் ஏறுவதற்கு முந்தைய ராத்திரி உங்கள் மகன் போனை வைத்துக்கொண்டு எதையெல்லாம் அழிக்கிறான் என்று பார்த்திருக்கிறீர்களா? தப்பே செய்யாத பிள்ளை, அழி என்று யாரும் சொல்லவில்லை, விமான நிலையத்தில் போனைப் பார்ப்பார்களோ என்ற அதே பயம்தான். "இதையெல்லாம் போனில் பேசாதேம்மா" என்று பெற்ற தாயிடம் சொல்கிறான், அவளும் சரிப்பா என்று நிறுத்திக்கொள்கிறாள்.

அண்ணே, அந்தத் தாயிடம் போய் இது வேடிக்கை என்று சொல்லிவிட்டு வாருங்கள், நான் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி.